ஒட்டகத்தைக் கட்டுதலும் விண்ணில் பறத்தலும்

விண்ணில் சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மனிதனை அழைக்கின்றது. அவ்வழைப்பைச் செவியால் கேட்டதோடு அமையாது சிந்தையாலும் கேட்ட பெரியார்களுள் ஒருவர், ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ். கி.பி. 9ஆம் நூற்றாண்டினர், கவிஞர், வானநூல் வல்லுநர், கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் வித்தையை அந்நாட்டார்க்குக் காட்டியவர் எனப் போற்றப்படுபவர். முதுமைப் பருவத்தில், ஏறத்தாழ கி.பி. 875ஆம் ஆண்டளவில், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு அவர் காற்றில் பாய்ந்தார் என்றும், சிறிது தொலைவு மிதந்து சென்றார் என்றும் வரலாறு கூறுகின்றது.

நம் மேடைகளில் இந்நிகழ்ச்சி சொல்லப்படும்போதெல்லாம் நம் நெஞ்சம் நிமிர்கின்றது. ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பறந்தவர் நம்மவர் என்று பெருமை கொள்கிறோம். ஆனால், அவ்வரலாற்றின் முற்பாதியோடு நாம் நின்றுவிடுகிறோம். பிற்பாதியையும் மறைக்காமல் எழுதிவைத்தவர் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான அல்மக்கரீ. இப்னு ஃபிர்னாஸ் இறங்கும்போது முதுகில் பலத்த அடிபட்டார். பறவை தரையிறங்குவதற்கு அதன் வாலே துணை என்பதை அவர் கருதவில்லை. தமக்கு ஒரு வாலை அமைத்துக் கொள்ளவில்லை. இதுவே அப்பிற்பாதி.

இதையொத்த மற்றொரு செய்தியும் உண்டு. அரபு மொழியின் புகழ்பெற்ற அகராதியான 'அஸ்ஸிஹாஹ்' என்னும் நூலை யாத்த இஸ்மாயீல் அல்ஜவ்ஹரீ, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நைசாப்பூர் நகரத்துப் பள்ளிவாசலின் மேற்கூரையிலிருந்து மரச்சிறகுகளோடு பறக்க முயன்று விழுந்து உயிர் நீத்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒரு மொழியின் சொற்களையெல்லாம் சோதித்துச் சோதித்துத் தொகுத்த பேரறிஞர், தம் சிறகுகளைச் சோதிக்காமல் கூரையேறினாரே என்று நினைக்குந்தோறும் நம் மனம் கனக்கின்றது.

பறத்தலின் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். பறப்பதற்கு முன் தரையில் நின்று சோதித்தலின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். வானவூர்தியைத் தொழிற்சாலையில் செய்வோரைக் காட்டிலும், தம் இல்லத்திலும் கொட்டகையிலும் தம் கையாலேயே செய்து பறப்போர்க்கு இவ்வரலாறு உயிர் காக்கும் பாடமாகும். ஏனெனில், பறக்கும் இயந்திரத்தை முதன்முதலில் செய்தோர் அனைவரும் இல்லத்தில் செய்தவர்களே.

இங்கு ஒரு நபிமொழி நம் நினைவுக்கு வருகின்றது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்துவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் வினவியபோது, முதலில் அதைக் கட்டுமாறும் பின்னர் இறைவனை நம்புமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதீ தொகுப்பில் காண்கிறோம். தவக்குல் என்பது கயிற்றை எறிந்துவிடுவதன்று. கயிற்றைக் கட்டிய கையை வானோக்கி ஏந்துவதேயாகும். விமானத்தைத் தரையில் சோதிப்பதன் முதல் விதியும் இதுவே என்பதைக் காணுங்கால் நமக்கு வியப்புண்டாகின்றது. ஒட்டகத்தைக் கட்டுவது போலவே விமானத்தையும் கயிற்றால் கட்டவேண்டும். இஃது உவமையன்று; உள்ளபடியே கட்டவேண்டும்.

அவ்வாறு கட்டியவருள் முதன்மையானவர் இங்கிலாந்தில் குடியேறிய அமெரிக்கரான ஹைரம் மாக்ஸிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1890களில் கென்ட் மாவட்டத்திலுள்ள பால்ட்வின்ஸ் பார்க் என்னுமிடத்தில் இவர் ஒரு பெரும் பறக்கும் இயந்திரத்தைச் செய்தார். இறக்கையின் அகலம் 104 அடி. எடை ஏறத்தாழ 8,000 பவுண்டு. இரண்டு நீராவி எஞ்சின்கள். அதை நேரே வானில் ஏவிவிட அவர் துணியவில்லை. 1,800 அடி நீளத்திற்கு இருப்புப் பாதை போட்டார். இயந்திரம் அப்பாதையின் மேல் ஓடவேண்டும். எழும்ப முயன்றால் சிறிதளவே எழும்பவேண்டும். அதற்குமேல் எழாதபடி இருமருங்கும் மரத்தாலான காப்புத் தண்டவாளங்கள் தடுக்கவேண்டும். ஓட்டத்திற்கு முன் இயந்திரத்தைப் பின்னாலிருந்து கட்டி நிறுத்தி, அதன் இழுவிசையை அளவுகோல் கொண்டு அளந்தார்.

1894ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஓட்டத்தில் இயந்திரம் தன் எடையையும் மிஞ்சிய விசையோடு எழும்பியது. காப்புத் தண்டவாளம் ஓரிடத்தில் பிய்ந்துபோயிற்று. மாக்ஸிம் உடனே நீராவியை அடைத்தார். இயந்திரம் சேதமுற்று நின்றது, மனிதர் பிழைத்தனர். அக்காப்பு மட்டும் இல்லாதிருந்தால் என்னாகியிருக்கும்? வானில் அதைச் சமநிலையில் நிறுத்தத் தக்க வழியேதும் அவரிடம் இருக்கவில்லை. எழும்பும் விசை உண்டு, ஆளும் வழி இல்லை என்ற உண்மையை அவர் உயிரைக் கொடுத்து அறியவில்லை. ஒரு மரத்தண்டவாளத்தைக் கொடுத்து அறிந்தார்.

அடுத்து வருவோர் நாம் அனைவரும் அறிந்த ரைட் சகோதரர்கள். சைக்கிள் கடை வைத்திருந்த இவ்விருவரும் தம் செலவில் தம் கையாலேயே விமானம் செய்தவர்கள். 1900ஆம் ஆண்டு கிட்டி ஹாக் கடற்கரையில் தம் முதல் சறுக்கு விமானத்தைப் பெரும்பாலும் பட்டம்போல் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டனர். காற்று அதை இழுக்கும் விசையைச் சுருள்வில் தராசினால் அளந்தனர். 1901ஆம் ஆண்டு டேட்டன் நகரில் ஒரு மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் அமைத்து ஏறத்தாழ 200 சிறு இறக்கை மாதிரிகளைச் சோதித்தனர்.

1903ஆம் ஆண்டு பிப்ரவரியில் பட்டறையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, ஒழுகிய பெட்ரோலால் சுழல்தாங்கிகள் இறுகிப் பிடித்து எஞ்சினின் கூடு உடைந்தது. வேறு கூடு வார்த்துவரக் காத்திருந்தனர். நவம்பரில் கடற்கரையில் தரையில் நிறுத்தி ஓட்டியபோது, எஞ்சினின் அதிர்வால் புரொப்பெல்லர் தண்டுகள் பழுதுபட்டன. அவை செப்பனிடப்பட்டு வந்தபின் மீண்டும் ஓட்டினர். நவம்பர் 28ஆம் நாள் ஒரு தண்டில் விரிசல் கண்டனர். குளிர்காலமோ நெருங்கிவிட்டது. வாஷிங்டன் நகரிலே அரசாங்கப் பணம் 50,000 டாலருடன் பேராசிரியர் லாங்லி போட்டிக்கு நிற்கிறார். ஒரு மயிரிழை விரிசல்தானே என்று பறந்துவிட ஆவல் தூண்டாதா? ஆயினும் ஆர்வில் ரைட் ரயிலேறித் தம் ஊருக்குச் சென்றார். குழாய்த் தண்டுகளுக்குப் பதிலாகத் திண்மையான எஃகுத் தண்டுகளைச் செய்துகொண்டு டிசம்பர் 11ஆம் நாள் திரும்பினார். இடையே, டிசம்பர் 8ஆம் நாள், லாங்லியின் விமானம் இரண்டாம் முறையாகப் போட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. மனிதரைச் சுமக்கும் அம்முழுவடிவ விமானம் அதற்குமுன் சறுக்கிப் பார்க்கப்படவுமில்லை. அதன் ஓட்டுநருக்குப் பறந்த பழக்கமுமில்லை. அவர் உயிர் தப்பியது இறையருளே.

1903 டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தனர். முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. நான்காவது 59 விநாடி, 852 அடி. இவ்வெண்களை நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், அன்று காயமுற்றவர் யாரென்று கேட்டால் விடை வராது. பறந்தவர்களுள் ஒருவருமல்லர். நான்காவது பறத்தலுக்குப்பின் தரையில் நின்றிருந்த விமானத்தைக் காற்று தூக்கிப் புரட்டியது. உதவிக்கு வந்திருந்த ஜான் டேனியல்ஸ் என்பவர் அதைப் பிடித்துக்கொண்டார்; விமானத்தோடு உருண்டு அடிபட்டார். அந்த விமானமும் மீண்டும் பறக்கவேயில்லை. வானத்தை வென்ற நாளிலேயே, கட்டப்படாமல் தரையில் நின்ற விமானம் தன் ஆபத்தைக் காட்டிவிட்டது.

தரையிலுள்ள ஆபத்துக்களுள் கொடியது புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறியாகும். 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் விடியலில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டபோது, எஞ்சினைச் சூடேற்றும் வேளையில் ஒரு நாய் சுழல்விசிறிக்குள் ஓடி மாண்டதாகச் சொல்லப்படுகின்றது. அந்த வாயில்லாச் சீவன் கண்டிராததை மனிதக் கண்ணும் காண்பதில்லை. ஏனெனில் சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. கணக்கிட்டுப் பார்ப்போம். 6 அடி நீளமுள்ள விசிறி நிமிடத்திற்கு 2,400 முறை சுழன்றால், அதன் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் செல்லும். அதாவது மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல்! அதை 'விசிறி' என்று நாம் அழைப்பதே மயக்கம் தருவது. 'வாள்' என்று அழைப்பதே தகும்.

அக்காலத்தில் விசிறியைக் கையால் சுழற்றியே எஞ்சினைக் கிளப்பினர். சிறு விமானங்கள் சிலவற்றில் இன்றும் அவ்வாறே செய்கின்றனர். அதனால் ஓர் ஒழுங்கு பிறந்தது. விசிறியருகே நிற்பவர் வினவுவார். இருக்கையில் இருப்பவர் விடை கூறுவார். விசை அணைந்துள்ளதா, திறந்துள்ளதா என்பதை இருவரும் உரக்கச் சொல்லி உறுதி செய்த பின்னரே கை விசிறியைத் தொடும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. விமான எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மாக்னெட்டோ என்னும் கருவி. அதற்குப் பாட்டரி தேவையில்லை. எஞ்சின் சுழன்றாலே அது பொறியை உண்டாக்கும். விசையை அணைப்பது என்பது, ஒரு கம்பியின் வழியே அப்பொறியை எஞ்சின் உடலோடு இணைத்துச் செயலற்றதாக்குவதேயாகும். அந்தக் கம்பி அறுந்திருந்தால், விசை அணைந்திருக்கும், எஞ்சினோ உயிரோடிருக்கும். அத்தகைய விசிறியை விளையாட்டாக ஒரு சிறுவன் திருப்பினாலும் அது பாயும். எனவே, நின்றிருக்கும் விசிறியையும் ஓடும் விசிறியென்றே கருதவேண்டும் என்பது விமானக் கொட்டகைகளின் மாறாத விதியாயிற்று.

அதே பிளேரியோவின் விமானங்கள், பழகுவோர்க்கு மற்றொரு நல்வழியையும் காட்டின. இறக்கைகளைக் குறுக்கிவிட்ட விமானங்களைப் பிரெஞ்சுப் பயிற்சிப் பள்ளிகள் பயன்படுத்தின. அவை தரையில் ஓடும், எழும்பா. 'பெங்குவின்' என்று பறக்காத பறவையின் பெயராலேயே அவற்றை அழைத்தனர். நேராக ஓட்டத் தெரிந்த பின்னரே மாணவருக்கு இறக்கை கிடைத்தது.

வீட்டில் விமானம் செய்வோரின் வரலாற்றில் துயரமும் படிப்பினையும் மிகுந்த அத்தியாயம் 1930களில் எழுதப்பட்டது. ஆன்ரி மின்யே என்ற பிரெஞ்சுக்காரர் 6 மீட்டர் அகலமுள்ள ஒரு சிறிய விமானத்தைச் செய்து பறந்தார். பெட்டி செய்யத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம் என்னும் ஊக்கத்தோடு 1934ஆம் ஆண்டு நூலும் வெளியிட்டார். 'பறக்கும் தெள்ளு' என ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். எளிய தொழிலாளரும் அலுவலரும் தம் கூடத்திலும் கொட்டகையிலும் அதைச் செய்யத் தொடங்கினர். வானம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்ற மின்யேயின் எண்ணம் உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக விபத்துக்கள் நேர்ந்தன. விமானம் மூக்கு கவிழ்ந்து இறங்கும். ஓட்டுநர் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. பலர் மாண்டனர். அதன் பின்னரே, 1936ஆம் ஆண்டு, பிரான்சிலும் இங்கிலாந்திலும் முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கங்களில் நிறுத்திச் சோதித்தனர். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ சுரங்கத்தின் வாய் 24 அடி. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தமையால், ஓர் எல்லைக்குமேல் மூக்கு தாழ்ந்தால் மீள வழியில்லை என்பது தெளிவாயிற்று. குறை கண்ட பின் அமைப்பைத் திருத்தினர். தரையில் நின்றபடியே ஒரு சுரங்கம் சொல்லக்கூடிய அவ்வுண்மையை, அதற்குமுன் எத்தனை குடும்பங்கள் கண்ணீரோடு கேட்க நேர்ந்தது!

இத்தகைய அனுபவங்களின் சாரமே இன்று விதிகளாக நிற்கின்றது. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பார் வீட்டு விமானம் செய்வோர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். அஃது இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அந்நாட்டு அரசின் விமானத்துறையும் இத்தகையோர்க்கென ஒரு சோதனைக் கையேட்டை வெளியிட்டுப் பலமுறை திருத்தியுள்ளது. அதன் பெரும்பகுதி பறப்பதைப் பற்றியதன்று. பறப்பதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றியதே.

முதலில், விமானத்தின் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனித் தராசில் ஏற்றி எடையையும் எடைமையத்தையும் கணக்கிடவேண்டும். அடுத்து, ஏறும்போது இருப்பதுபோல் மூக்கை உயர்த்தி வைத்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் வந்துசேரும் அளவைப் பாத்திரத்தில் பிடித்து அளக்கவேண்டும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலாயின், எஞ்சின் முழு விசையில் கேட்கும் அளவைப்போல் ஒன்றரை மடங்கும், பம்பு வழியே வருவதாயின் ஒன்றேகால் மடங்கும் வரவேண்டும். தரையில் சமமாக நிற்கையில் தாராளமாக வரும் பெட்ரோல், மூக்கு உயர்ந்ததும் நின்றுபோவதுண்டு. மரங்களின் உச்சிக்குமேல் அதைக் கண்டறிவதைவிடக் கொட்டகையில் கண்டறிவது நலமன்றோ?

பின்னரே எஞ்சினை ஓட்டவேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலை அசையாத ஒன்றோடு கயிற்றால் பிணைத்து, மூக்கைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, தரையில் கல்லும் சரளையும் இல்லாமல் கூட்டி, தீயணைக்கும் கருவியுடன் ஒருவரை நிறுத்தி ஓட்டவேண்டும். பிரேக்கை மட்டும் நம்புதல் ஆகாது. விசிறிக்கு நேர்முன்னும் அது சுழலும் வட்டத்தின் பக்கவாட்டிலும் எவரும் நிற்கலாகாது. விசிறி உடைந்தால் துண்டு பறப்பது அத்திசையில்தான். தரையில் நிற்கையில் போதிய காற்று கிடையாமையால் எஞ்சின் விரைவில் கொதிக்கும். எனவே நெடுநேரம் ஓட்டாமல், நிறுத்தி, ஒழுக்கும் தளர்ச்சியும் உண்டா என ஆராயவேண்டும்.

அதன்பின் தரையோட்டம். முதலில் நடைவேகம், பின்னர் சற்று விரைவு. விரைந்து ஓட்டும்போது எண்ணாமலே விமானம் எழும்பிவிடுவதுண்டு. ஆதலால் ஒவ்வோர் ஓட்டத்தையும் பறத்தலாகவே கருதி, எல்லாவற்றையும் முடித்துச் சரிபார்த்த பின்னரே, ஓட்டுநர் ஒருவர் மட்டும் இடைவார் கட்டி அமரவேண்டும். தம்பியையோ மைத்துனரையோ மகிழ்விக்க உடன் ஏற்றும் நேரம் அதுவன்று.

இவையெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு மட்டுமே என்று எவரும் எண்ணவேண்டா. லங்காஸ்டர் என்ற புகழ்மிகு விமானத்தை வரைந்த ராய் சாட்விக், 1947 ஆகஸ்ட் 23ஆம் நாள் இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் தம் நிறுவனத்தின் புதிய விமானமொன்றில் ஏறினார். இறக்கையோரத்து அசைபலகைகளின் கம்பிகள் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. வலப்புறம் திருப்பினால் இடப்புறம் சாயும். எழும்பியதும் விமானம் வீழ்ந்தது. சாட்விக்கும் உடனிருந்தோருள் மூவரும் மாண்டனர். கைப்பிடியை வலப்புறம் சாய்த்து, வலப்பக்க அசைபலகை மேலே எழுகின்றதா என்று கண்ணால் பார்க்க எத்தனை விநாடி ஆகும்? அதற்குப் பேரறிவு தேவையில்லை. பேரறிஞர்க்கும் அது தேவை.

வீட்டு விமானத்தின் பணியில் உதவிக்கு நிற்போர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். கூலிக்கு அமர்த்திய வல்லுநர் அல்லர். மனைவி, மக்கள், உடன்பிறந்தார், அண்டை வீட்டாரே. வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் அன்பால் பிடித்துக்கொள்வர், ஆபத்தை அறியார். எனவே, தன் உயிரை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்பவன், அவர்கள் உயிர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதையும் உணரவேண்டும். கயிறும் கட்டையும் அவ்வமானிதத்தைக் காக்கும் கருவிகள்.

இனி நம் மேடைகளில் இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றைச் சொல்லும்போது அவர் விழுந்ததையும் சேர்த்தே சொல்வோம். அதனால் அவர் புகழ் குறையாது. நிலவிலுள்ள ஒரு பள்ளத்திற்கு அறிஞருலகம் அவர் பெயரைச் சூட்டியிருப்பது அதற்குச் சான்று. விழுந்தார் என்பதோடு நில்லாமல் ஏன் விழுந்தார் என்பதையும் எழுதிவைத்த நம் முன்னோரின் நேர்மையே, ஆய்வின் முதற்படி. பறந்த பெருமையைப் பிள்ளைகளுக்கு ஊட்டிய நாம், வாலை மறந்த பாடத்தையும் ஊட்டினால், அப்பிள்ளைகளுள் ஒருவன் நாளை விமானம் செய்யும்போது முதலில் கயிற்றைத் தேடுவான்.

ஒட்டகத்தைக் கட்டிய பின் கையேந்தும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக!